ரகசிய ஓட்டு

"மெர்டேக்கா, நாட்டுக்கே சுதந்திரம் வரப்போகுது! இன்னும் கையத் தூக்கியா ஓட்டுப் போடுறது? சீட்டுலதான் போடணும். யாரு யாருக்குப் போட்டாங்கன்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது!"

மலாயாவின் காஜா பெராங் கம்பத்துக் கிராமக் கமிட்டியில் மருதமுத்து மேசையைத் தட்டினார். சபையும் ஒத்துக்கொண்டது.

தலைவர் பதவிக்கு நின்றவர்கள் அஞ்சலையும் சின்னப்பாவும். சீட்டுகளை எண்ணி முடித்தார்கள்.

"அஞ்சலைக்கு நாற்பது. சின்னப்பாவுக்கு ஒன்று!"

மருதமுத்து சின்னப்பாவின் பக்கம் திரும்பினார்.

"அந்த ஒண்ணு உன் ஓட்டுதானே, சின்னப்பா?" என்று அவசரமாகக் கேட்டார்.

"ஐயையோ, நானே அக்காவுக்குத்தான் போட்டேன், அண்ணே!"

அஞ்சலை கொண்டையை முடிந்துகொண்டு மருதமுத்துவிடம் வந்தாள்.

"சீட்டு கேட்டப்பவே நெனச்சேன்! இன்னிக்குச் சோத்தைச் சின்னப்பா வீட்டுலயே சாப்பிட்டுக்குங்க," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள், அவர் தாலி கட்டிய மனைவி.