ஏழாம் ஆணி

பலகையில் ஒரு வில்லை குறைந்தது.

கொடியக்கா மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். கல்குவாரிக்குள் இறங்குகிறவர்கள் ஆளுக்கொரு எண் போட்ட பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு போவார்கள். மேலே ஏறி வந்ததும் அதனதன் ஆணியில் மாட்டிவிடுவார்கள். ஆணிகள் இருபத்திரண்டு. வில்லைகள் இருபத்தொன்று.

ஏழாம் ஆணி காலி. ஏழு அவள் புருஷனுடைய எண்.

மூன்று விசிலும் ஊதியாகிவிட்டது. வேலையை நிறுத்த ஒன்று, மேலே ஏறி வர ஒன்று, வெடி வைக்கப்போகிறோம் என்று கடைசியாக ஒன்று. முந்தாநாள் சைரன் புகைந்துபோனதிலிருந்து விசில்தான். சிவப்புக் கொடியை அசைத்துக்கொண்டே, நெஞ்சு வலிக்க, அவளேதான் ஊதினாள்.

தடுப்புச் சுவருக்குப் பின்னால் வெடிக்காரர் குந்தியிருந்தார். முன்னால் சின்னப் பெட்டி. சாவியைச் செருகியாகிவிட்டது. கீழே பாறையில் பதினாறு துளை, பதினாறிலும் மருந்து.

வழக்கமாக நாலு மணிக்கு வைக்கிற வெடி. இன்று மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்ததால் மூன்றுக்கே வைக்கச் சொல்லிவிட்டார்கள். மின்னல் கிட்டே வந்துவிட்டால் சாவியே தேவையில்லை. பாறை தானாக வெடித்துவிடும்.

"என்னக்கா, எல்லாரும் வந்தாச்சா?"

"ஏழு வரல."

"உங்க வீட்டுக்காரர்தானே? போன வாரமும் வில்லையைச் சட்டைப் பையிலயே போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு." வெடிக்காரர் வானத்தைப் பார்த்தார். "உள்ளே இருந்தா இந்நேரம் விழுந்தடிச்சு ஓடி வந்திருக்க மாட்டாரா? பாறைக்கே கேக்குற மாதிரில்ல ஊதுனீங்க!"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பதினேழு வருஷமாகப் பாறையைத் துளைக்கிற மிஷின் அவன் கையில். காதுக்கவசம் கொடுத்திருந்தார்கள். அதை மாலை மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொள்வான். மிஷின் என்ன பேசுகிறது என்று கேட்க வேண்டுமாம்.

மிஷின் பேசியது. மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டது.

முதலில் போனவை கீச்சுச் சத்தங்கள். அலாரம், கதவு மணி, கடைசியில் மகளின் குரல். அந்தப் பிள்ளை என்ன கேட்டாலும் சிரித்து வைப்பான். லாரி உறுமினால் கேட்கும். ஆண்கள் பேசினால் கேட்கும். அதனால் வேலையிடத்தில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. படுத்தால் மட்டும் காதுக்குள் வண்டு குடைகிறது என்பான்.

காது போனவனைப் பள்ளத்துக்குள் இறக்க மாட்டார்கள். வேறு வேலையும் அவனுக்குத் தெரியாது.

ஏதாவது பொய் சொல்லி நிறுத்தலாமா? கொடிக்கம்பு உள்ளே விழுந்துவிட்டது, ஆடு ஒன்று இறங்கிவிட்டது...

தூரத்தில் இடி உருண்டது.

"நேரமில்லக்கா. சுவருக்கு இந்தப் பக்கம் வாங்க." அவர் கை சாவிக்குப் போனது.

"அவருக்கு விசில் கேக்காது."

சொன்னது தன் குரல்தான் என்று அவளுக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. "கேக்கவே கேக்காது. ஒரு வருஷமா."

சிரிப்பு பட்டென்று நின்றது. வெடிக்காரர் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டார்.

யாரோ நிற்கச் சொன்னார்கள். அவள் அதற்குள் சரிவில் பாதி தூரம் ஓடிவிட்டாள். செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. மருந்து வைத்த பாறையை ஒட்டித்தான் பாதை. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வளைவுக்கு அப்பால், கற்குவியலுக்குப் பின்னால், அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்து மழுங்கிய துளைக்கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தான். மிஷின் அணைந்திருந்தது. கழுத்தில் கவசம்.

கூப்பிடுவது வீண். கொடிக்கம்பால் அவன் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள்.

திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தோளுக்கு மேலாக, ஆளே இல்லாத பள்ளத்தைப் பார்த்தான்.

"ஊதிட்டியா?" என்றான்.

இருவரும் ஓடினார்கள். சுவருக்குப் பின்னால் விழுந்ததும், அவன் கழுத்தில் கிடந்த கவசத்தை எடுத்து அவன் காதுகளில் வைத்து அழுத்தினாள். தன் காதுகளைப் பொத்திக்கொள்ள அவளுக்குக் கை மிச்சமில்லை.

வெடிக்காரர் சாவியைத் திருப்பினார். பூமி குலுங்கியது.

ஒரு மணி நேரம் கழித்து மேனேஜர் அறையில் இரண்டு பேரும் நின்றார்கள். அவர் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். போன மாதம் வேன் வந்து எல்லாருக்கும் எடுத்த காது பரிசோதனை.

"முப்பது சத்தம் கொடுத்திருக்காங்க. முப்பதுக்கும் பொத்தானை அமுக்கியிருக்கீங்க. ஒண்ணுகூட விடல. இது எப்படி?"

அவன் வாயைத் திறந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

அன்று வேனில் தன் முறைக்காகக் காத்திருந்த அவள், பரிசோதிக்கிற பெண்ணின் முதுகுப்பக்கம், அவன் கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தாள். அவன் காதுக்குள் சத்தம் போகும்போதெல்லாம் கருவியில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அவள் தன் முழங்காலில் வைத்திருந்த கையில் ஒரு விரலை மட்டும் தூக்கினாள். அவன் பொத்தானை அமுக்கினான்.

முப்பது தடவை.

எல்லாவற்றையும் சொன்னாள். அன்று காலை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவன் கிளம்பியதையும், வாசலில் மறித்து, வேண்டாம், என் விரலைப் பாருங்கள் போதும் என்று அவள் சொன்னதையும்.