அஞ்சு மாசம்

"அஞ்சு மாசம்."

அண்ணி சொன்னதைக் கேட்டதும் நாத்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பஸ்ஸில் நல்ல கூட்டம். அண்ணியின் வயிற்றைப் பார்த்த ஓர் அம்மாள் சட்டென்று எழுந்து இடம் கொடுத்தாள். "எத்தனை மாசம்மா?" என்றும் கேட்டாள். அதற்குத்தான் இந்தப் பதில்.

மாசமாவது, மண்ணாங்கட்டியாவது! போன வாரம்தான் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன். வயிற்றில் சின்னச் சின்னதாகத் துளை போட்டு, காற்றடித்து உப்ப வைத்து, கட்டிகளோடு கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். உதிரப்போக்கு நிற்காமல் ஆளே வெளுத்துப்போன பிறகு வேறு வழியில்லை. அந்த உப்பல் இன்னும் வற்றவில்லை, அவ்வளவுதான். தையலைக் காட்டிவிட்டுத் திரும்புகிற வழி இது.

நாத்தனாருக்குப் பொய் என்றாலே ஆகாது. அண்ணன் ஒருநாள் ஜுரம் என்று சொல்லி லீவு கேட்டபோது, போனைப் பிடுங்கி, "சும்மா சொல்றான் சார், நல்லாத்தான் இருக்கான்" என்று மேனேஜரிடம் போட்டு உடைத்தவள். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு 'அரிச்சந்திரன் தங்கச்சி' என்று பட்டப்பெயர்.

குனிந்து அண்ணியின் காதில் சீறினாள். "ஆபரேஷன் ஆன உடம்புன்னு சொன்னாலும் இடம் குடுப்பாங்களே! எதுக்கு அண்ணி இந்தப் பொய்?"

அண்ணி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"யாராவது ஒருத்தர் என்னை இந்தக் கேள்வி கேக்க மாட்டாங்களான்னு எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன் தெரியுமா? இன்னிக்குத்தான் கேட்டாங்க. இறங்கற வரைக்கும் விட்டுடேன்டி."

நாத்தனார் நிமிர்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், "என்னை அத்தைன்னு கூப்பிட ஆள் எப்ப வரும்?" என்று நச்சரித்தவள் இவள்தான். போகப்போகக் கேட்பதையே நிறுத்திவிட்டாள்.

அந்த அம்மாள் லேசில் விடுகிற ஆளாக இல்லை.

"பார்த்தா ஏழு மாசம் மாதிரி இருக்கே. முதல் குழந்தையா?"

அண்ணி தலையை ஆட்டினாள்.

"ஸ்கேன் எடுத்தீங்களா? குழந்தை எப்படி இருக்காம்?"

அதற்கு மேல் அண்ணிக்குப் பொய் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"ஐயையோ, ஏம்மா அழறே? ஏதாவது கோளாறா?" அம்மாள் பதறிப்போய், பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற நாத்தனாரைப் பார்த்தாள். "கூட வந்தவதானே நீ? நீயாவது சொல்லேன்!"

அண்ணி கெஞ்சுகிற பார்வையோடு நிமிர்ந்தாள்.

அரிச்சந்திரன் தங்கச்சி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஒரு கோளாறும் இல்லைங்க, குழந்தை ஜம்முனு இருக்கு. அப்படியே அத்தை ஜாடைன்னு டாக்டரே சொல்லிட்டார்!"