நடுவில் நிற்பவர்

"மகன் போய் மூணு மாசம் முழுசா ஆகல. உங்களுக்கு அரை டிராயரும் மட்டையும் கேக்குதா?"

வாசலில் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்த கணவர் நிமிரவில்லை.

"ஒரு மணி நேரத்துல வந்துடறேன்."

"மாடி வீட்டுக்காரி சிரிக்கிறா. இந்த வயசுல ஸ்குவாஷ் கத்துக்கறாராமே உங்க வீட்டுக்காரர், மனசைத் தேத்திக்கிட்டாரான்னு கேக்கறா."

"சிரிக்கட்டும். இந்தக் கட்டடத்துல யாராவது சிரிச்சாத் தேவலை."

அது மகனுடைய மட்டை. கைப்பிடியில் சுற்றிய துணிப்பட்டை அவன் வேர்வையில் கறுத்துப் போயிருந்தது. அதைத் துடைக்கக்கூட மனசில்லாமல் அலமாரியில் பொத்தி வைத்திருந்தாள். இவர் பாட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறார்.

அன்றைக்கு அவளுக்குப் பொறுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

ஆட்டக் கூடத்தின் மேல்தளத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழே நாலு சுவருக்குள் இரண்டு பேர். இவரும், நெட்டையும்.

நெட்டை மகனின் சிநேகிதன். அன்றைக்கு பைக்கை ஓட்டியவன். நாய் குறுக்கே பாய்ந்தது என்றான். ஓட்டியவன் கையில் கட்டோடு வீட்டுக்கு வந்தான். பின்னால் உட்கார்ந்தவன் வரவில்லை.

போயும் போயும் இவனோடா?

"சர்வீஸ் அந்த நடுக்கோட்டுக்கு மேல படணும்பா." சிநேகிதனின் அப்பாவை அவனும் அப்பா என்றுதான் கூப்பிடுவான். "கீழ தகரத்துல பட்டா அவுட். பந்து தரையில ஒரு தடவைதான் குதிக்கலாம். ரெண்டாவது குதிச்சா பாயிண்ட் போச்சு."

"தெரியும்டா. நீ போடு."

பந்து வந்தது. அடித்தார். அடித்த இடத்திலேயே மரம்போல நின்றார். பின்னால் ஓடிவந்த நெட்டை, ஓங்கிய மட்டையை அப்படியே நிறுத்திக்கொண்டான்.

"அடிச்சதும் ஒதுங்கணும்பா. மூஞ்சியில பட்டிருக்கும்."

"இப்ப என்ன பண்ணணும்?"

"நேத்தும் சொன்னேனே. இதுக்குப் பேரு லெட். அப்படியே நிறுத்திட்டு, இந்தப் பாயிண்டைத் திரும்ப ஆடணும்."

"பாயிண்ட் யாருக்கு?"

"யாருக்கும் இல்ல."

"அப்போ தப்பு யார் மேல?"

நெட்டை தரையைப் பார்த்தான்.

"யார் மேலயும் இல்லப்பா. திரும்ப ஆரம்பிக்கலாம்."

ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வழியை மறித்துக்கொண்டு நின்றார். மறுபடியும் அதே கேள்வி. அதே பதில்.

பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"ஐயாவுக்கு மத்ததெல்லாம் வந்துடுச்சும்மா. இது ஒண்ணுதான் தினமும் மறந்துடுது."

அவள் கீழே இறங்கிப் போய், வெளியே வந்த கணவரை வழியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"மெதுவா பேசு. அவன் உள்ளதான் இருக்கான்."

"கேக்கட்டுமே. எனக்கென்ன பயம்?"

"சோறு தண்ணி இல்லாம ரூமைச் சாத்திக்கிட்டுக் கிடந்தான். அவங்க அம்மா என்கிட்ட வந்து அழுதா. எனக்கு இந்த ஆட்டம் கத்துக்கொடுடான்னு கெஞ்சித்தான் வெளிய கூட்டிட்டு வந்தேன்."

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். ஆனாலும் விட மனமில்லை.

"சரி, கத்துக்கற லட்சணம் இதுதானா? அடிச்சா ஒதுங்கணும். இது ஒண்ணு மண்டையில ஏறாதா? அவனும் எத்தனை தடவைதான் சொல்லுவான்?"

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நெட்டை தனியாகச் சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தான். கணவர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது முதல் நாளே ஏறிடுச்சு," என்றார். "தப்பு யார் மேலயும் இல்லடான்னு நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவன் காதுலயே வாங்கல. அதான், தினமும் அவன் வாயாலயே சொல்ல வைக்கிறேன்."