உப்பு ரசமும் காதுப்பொறியும்

மூன்றாவது கம்பெனிக்கான ரச மாத்திரையில் பூபதி தன் கையாலேயே உப்பை இருமுறை கொட்டிவிட்டார். கரைத்துக் குடித்த நாலு பேரும் தண்ணீர்ச் செம்புக்குத் தாவினார்கள். அவர் காதில் விழுந்ததோ, "பிரமாதமுங்க!"

கசப்பான பேச்சைக் காதுக்குள்ளேயே இனிப்பாக்கும் பொறியை ஊருக்கெல்லாம் மாட்டிவிட்டது அவருடைய முதல் கம்பெனிதான். தன் காதில்தான் முதலில் மாட்டிக்கொண்டார். இரண்டாவது கம்பெனி மூழ்கியது. மூன்றாவதற்காக வீட்டை விற்கும் பத்திரம் மேசைமேல் காத்திருந்தது.

குடித்தவர்களின் முகமும் பேச்சும் ஒட்டவில்லையே என்று அவருக்குக் குறுகுறுத்தது. பதினைந்து வருடத்தில் முதல்முறையாகப் பொறியைக் கழற்றிவிட்டு மனைவி மேகலையிடம் கேட்டார்.

"அம்மணி, நெசமாச் சொல்லு. ஆரம்பிக்கலாமா?"

"வேண்டாமுங்க. வாயில வெக்க முடியல. போன கம்பெனிக்கும் வேண்டாம்னுதான் சொன்னேன். நீங்க தேங்க்ஸ் அம்மணின்னு சொல்லிப்போட்டுக் கையெழுத்துப் போடப் போயிட்டீங்க."