ஆளுக்கு ஒரு கட்டிங்

"ரெண்டு கட்டிங் டீ எதுக்குட்டி சொன்னே?"

"ஆளுக்கு ஒண்ணு. இதுல என்ன..."

"ஆளுக்கு ஒண்ணா? எப்பலருந்து?"

"ஏட்டி, மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்..."

"பாக்கட்டும்," என்றாள் ஜெபா. "எட்டாவதுலருந்து ஒரு கட்டிங்கத்தான் ரெண்டு பேரும் குடிக்கோம். இன்னைக்கு என்ன புதுசா, மகாராணிக்குத் தனி கிளாஸு?"

சயான் ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையின் தகரக் கூரையில் மழை சடசடத்தது. காலை ஆறரை மணி. நகுலும் மெஹராஜும் டிக்கெட் வரிசையில் நின்றார்கள். கல்யாணில் வண்டி மாறி, கர்ஜத்தில் இறங்கி, நாலு பேருமாக மலையேறுவதாக ஏற்பாடு. பன்னிரண்டாவது பரீட்சை நெருங்கிவிட்டால் யார் வீட்டிலும் விடமாட்டார்கள்.

மாரிசெல்வி தன் அரை கிளாஸ் கட்டிங்கை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். பாதி குடித்தாகிவிட்டது. ஜெபாவின் கிளாஸ் பலகைமேல் தொடாமல் கிடந்தது. ஏடு படிந்துவிட்டது.

வழக்கம் அதுவல்ல. மேல் பாதி செல்விக்கு. அடியில் கரையாத சர்க்கரையோடு கீழ்ப் பாதி ஜெபாவுக்கு. நாலு வருஷத்தில் அது மாறியதில்லை.

"இது இன்னைக்கு ஆரம்பிச்சது இல்ல," என்றாள் ஜெபா. "ரெண்டு மாசமா பாக்கேன். என் டப்பாவுல கை வைக்க மாட்டேங்கே. டியூஷன்ல ஜன்னலோரமாப் போயித் தனியா உக்காருதே. எங்க வீட்டுக்கு வந்தா வாசல்லயே நின்னுட்டு ஓடிருதே. எங்கம்மா மீன்குழம்பு வச்சுட்டுக் கூப்பிடுதா, பசியில்லங்கே. உனக்கு? எங்க வீட்டு மீன்குழம்புக்கு? பசியில்ல?"

செல்விக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும் என்று அடக்கிக்கொண்டாள்.

"வயிறு சரியில்லட்டி."

"ரெண்டு மாசமாவா?"

"ஆமா."

"பஸ் கர்ட்டி," என்று பாதி இந்தியில் வெட்டினாள் ஜெபா. "போதும்."

ஜெபா குரலைத் தாழ்த்தினாள். அவள் கத்தும்போதுகூட செல்விக்கு இவ்வளவு பயமில்லை.

"எங்கம்மா அப்பவே சொன்னா. அவ அக்காவுக்குக் கல்யாணம் வருது, இனிமே அந்த வீட்டுல யாரு எவருன்னு பாத்துத்தான் பழக விடுவாங்கன்னு. செல்வி அப்படியில்லன்னு நான் சண்டை போட்டேன். ரெண்டு நாள் அம்மாகூடப் பேசல, தெரியுமா? ஊர்ல எங்க ஆளுகளுக்கு டீக்கடையில தனி கிளாஸ் வச்சிருந்தாங்கன்னு அப்பா சொல்லுவாரு. அதை நான் சயான்ல, உன் கையால பாக்கணுமா?"

"ஐயோ, அது இல்லட்டி."

"பின்ன எது?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். செல்வி வாயைத் திறந்தாள்.

டி.பி.

மே மாதம் டாக்டர் அதைச் சொன்னபோது, அம்மா எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

முந்தாநாள் டாக்டர் சிரித்தார். மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, இனி இவளால் யாருக்கும் ஒட்டாது, டம்ளர் தட்டில் அது எப்போதுமே ஒட்டாது, தாராளமாக மலைக்குப் போகட்டும் என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும், செல்வியின் டம்ளரில் கழுவிக் கழுவி அழிந்துபோயிருந்த சிவப்புப் புள்ளியை நெயில் பாலிஷால் மறுபடி வைத்தாள்.

மாப்பிள்ளை வீடு ஜெபாவின் சந்தில்தான். நாலாவது கதவு. அந்த வீட்டுக்காரியும் ஜெபாவின் அம்மாவும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள். அக்கா கழுத்தில் தாலி ஏறும்வரை ஓர் ஆளுக்கும் தெரியக்கூடாது என்று, செல்வியின் கையை அக்காவின் தலைமேல் வைத்து அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள்.

இன்னும் இருபது நாள்.

இன்று காலை பையை மாட்டிவிட்டதும் அம்மாதான். "போகலன்னா ஏன்னு கேப்பாங்க. போயிட்டு வா. மூச்சு வாங்குச்சுன்னா கால் வலிக்குன்னு சொல்லு."

செல்வி வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லுட்டி. பின்ன எது?"

"நீ நினைக்கது இல்ல. இப்ப அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"சொல்ல முடியலன்னா அதுதான்."

டிக்கெட்டுகளைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு நகுல் கூப்பிட்டான். வண்டிக்கு நேரமாகிவிட்டது. செல்வி பையைத் தோளில் ஏற்றத் திரும்பினாள்.

ஜெபா எட்டி, அவள் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கினாள்.

"வேண்டாம்! ஜெபா, குடிக்காத!"

டாக்டர் சொன்னது எதுவும் அந்த நேரத்தில் செல்வியின் நினைவில் இல்லை. தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்றும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

அந்த அலறலைக் கேட்டதும் ஜெபாவின் முகம் மாறியது. செல்வியைப் பார்த்துக்கொண்டே, அவள் உதடு பட்ட இடத்திலேயே வாய் வைத்து, ஒரே மூச்சில் குடித்தாள். கிளாஸை ஓசையெழப் பலகையில் வைத்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். கண்ணைத் துடைக்கவில்லை.

"பாரு, உன் எச்சியக் குடிச்சிட்டேன். எனக்கு என்ன ஆயிட்டு? சொல்லுட்டி, எனக்கு என்ன ஆயிட்டு?"