முட்டையின் சூடு

பெரு நாட்டின் அரெகிப்பா நகரத்து மாலை வெயிலில் ஜன்னலுக்கு வெளியே எரிமலை சிவக்கிறது. விடுதிக் கட்டிலில் மருத்துவ மாணவி ரோசெந்தா காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறாள். ஊரில் தன் அம்மா காய்ச்சலுக்குச் செய்வதைப் போலவே அறைத்தோழி யானெத் பச்சை முட்டையொன்றை அவள் நெற்றியிலிருந்து மெல்லக் கீழே உருட்டுகிறாள். “பேசாம இரு, நோவையெல்லாம் முட்டை உறிஞ்சிக்கும்.” “நெஞ்சுல இன்னொரு தடவ உருட்டுடி,” என்று ரோசெந்தா முனகும்போதே கதவு திறக்கிறது. ஆரஞ்சுப் பழங்களோடு வகுப்புத் தோழிகள். “டாக்டரம்மா, என்னடி கூத்து இது?” சிரிப்பில் அறை அதிர்கிறது. “நான் தூங்கிட்டிருந்தேன்டி. இவதான் பட்டிக்காட்டு வேலை பண்றா,” என்கிறாள் ரோசெந்தா. “ஆமா, நான்தான்,” என்று யானெத் அவள் காலுக்குப் போர்வையை இழுத்துவிடுகிறாள். பிறகு, காய்ச்சல் ஏறிய அந்த முட்டையை, திருடி அகப்பட்டவள்போல, தன் ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொள்கிறாள்.