ஒளித்து வைத்த சுக்கான்

பையைக் கவிழ்த்துக் கொட்டிய ஜெரால்டுக்குக் கோபம் தலைக்கேறியது. டார்ச் லைட், நைலான் கயிறு, மிதவைச் சட்டை, மழைக்கோட்டு, ஜெபமாலை எல்லாம் இருந்தன. அப்பாவின் இதய மாத்திரை டப்பா மட்டும் இல்லை.

"இன்னா நைனா இது? மாத்திரைய கூட எட்த்து வெக்கல."

"அது அலமாரில பத்ரமா கீது," என்றார் செல்வநாதன், தரையில் விரித்திருந்த கடல் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்காமல். துறைமுகத்தில் முப்பது வருஷம் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் பென்சிலும் அடிக்கோலும் வந்துவிட்டால் அவருக்கு உலகமே மறந்துபோகும்.

ஜெரால்டுக்கு எண்ணூரில் கிரேன் ஓட்டும் வேலை, குடித்தனம் திருவொற்றியூரில். காலையில் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனவனைப் படகுத் தச்சர் தாவூது பாய் நிறுத்தினார். உங்கள் வீட்டுப் படகு நாளை விடியற்காலை வேளாங்கண்ணிக்குக் கிளம்புகிறதாமே, அதுவும் இன்ஜின் இல்லாமல் பாய்மரத்தில் என்று சாவகாசமாகக் கேட்டார். ஜெரால்டு மீனை மறந்தான். வழியில் ஒரு காரியத்தை மட்டும் முடித்துக்கொண்டு ராயபுரம் வீட்டுக்குப் பறந்து வந்தான்.

போன வருஷம் செல்வநாதனுக்கு மாரடைப்பு வந்து மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தார். உயிர் பிழைத்தால் மாதா கோயிலுக்குப் பாய் கட்டிக் கடல் வழியே போவதாக அப்போது வைத்த நேர்ச்சை இது. அதெல்லாம் நாலு மெழுகுவத்தியோடு முடிந்துவிடும் என்றுதான் ஜெரால்டு நினைத்திருந்தான்.

வரைபடத்தைப் பார்த்தான். கோவளம், சதுரங்கப்பட்டினம், புதுச்சேரி, பரங்கிப்பேட்டை என்று ராத்தங்கல்களுக்கு வட்டம் போட்டிருந்தது. பழையாற்றில் நல்ல மீன்பிடித் துறைமுகம் இருந்தும், அந்த வட்டத்தை அடித்துவிட்டு அதற்கும் தெற்கே தரங்கம்பாடியில் போட்டிருந்தது.

"ஏன் பழையாறு வேணான்ற?"

"அங்க படுக்க எடம் தோதுப்படாது. தரங்கம்பாடில சிஸ்டருங்க மடம் கீது, சொல்லி வெச்சிட்டேன்."

அப்போதுதான் கவனித்தான். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் கன்னியர் மடம், ஒரு போன் நம்பர். சிஸ்டர்கள் மருந்தகம் வைத்திருப்பார்கள், நெஞ்சு வலித்தால் ஓடலாம் என்ற யோசனை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டான்.

"டாக்டரு மாடிப்படியே ஏறாதன்னாரு. மறந்துட்டியா?"

"அதான் கீழ் வூட்டுக்கு வந்துட்டமே." செல்வநாதன் பென்சிலைச் சீவினார். "மாசி போச்சுன்னா வாட காத்து நின்னுடும். நேந்துகினவங்க போயித்தான்டா ஆவணும். தொணைக்கு உங்க மாமன் தொரை கீறான், வுடு."

"மாதா ஒண்ணும் கோச்சுக்க மாட்டாங்க. பஸ்ல போயி ஒரு மொட்ட அட்ச்சிகினா போதும்."

செல்வநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மொட்டையா? இத்த உங்கம்மா கைல சொல்லிப் பாரு."

எல்சி கதவோரம் உட்கார்ந்து, படகுப் பாயில் இருந்த கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். படகு அவளுடைய அப்பா விட்டுப் போனது. ஆண் பிள்ளை மாதிரி அவளை அதிலேயே போட்டு வளர்த்தார் என்று சொந்தக்காரர்கள் இன்னமும் கேலி பேசுவார்கள். மகன் வந்து அரை மணி நேரமாகக் கத்தியும் அவள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டே இருந்தாள்.

அதுதான் ஜெரால்டை அதிகம் சுட்டது. இனி மறைத்துப் பயனில்லை என்று சொல்லிவிட்டான்.

"படகு போவாது நைனா. சுக்கான கயட்டி எட்த்தும்போயி தோஸ்து வூட்ல வெச்சிட்டேன்."

பென்சில் உருண்டு ஓடியது. தைத்துக்கொண்டிருந்த ஊசி நின்றது. சுக்கான் இல்லாத படகை எந்தப் பக்கமும் திருப்ப முடியாது என்பது அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

செல்வநாதனின் கை மெல்ல நெஞ்சுக்குப் போனது.

ஜெரால்டுக்கு உயிரே போய்விட்டது. அலமாரிக்குப் பாய்ந்து மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பினால், அப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில், பரிதாபம்தான் இருந்தது.

அவன் உடைந்துபோனான். டப்பாவும் கையுமாக அம்மா எதிரில் போய் உட்கார்ந்தான். அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரிக்கும் மருந்துக் கடைக்கும் ஓடிய ஓட்டம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"நீயாவது சொல்லும்மா. நட்டுக்கடல்ல நைனாவுக்கு எதுனா ஆச்சுன்னா நா இன்னா பண்ணுவேன்?"

எல்சி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பாயை மடித்து வைத்தாள். மகன் கொட்டிப் போட்ட சாமான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் திரும்ப அடுக்கினாள். ஜெபமாலையை மட்டும் உள்ளே போடாமல் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"போயி சுக்கான எட்த்தா," என்றாள். "உங்க நைனா எங்கடா போறாரு? நேந்துகினது நானு."